கேட் திறப்பதற்குள்

விட்டுட்டேன். நானாத்தான் விட்டேன். ஜல்லி சறுக்கிருச்சு, கால் வழுக்கிருச்சுன்னு என்ன வேணும்னாலும் சொல்லலாம், பார்த்துக்கிட்டு நிக்கிற இந்த இருபது முப்பது பேரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க, ஆனா எனக்குத் தெரியும், வண்டி இடது பக்கமா சாய ஆரம்பிச்சப்போ ஒரு நொடி இருந்துச்சு, அந்த நொடியில தொடையைக் கொடுத்து இடுப்பை இறுக்கியிருந்தா நின்னுருக்கும், பதினோரு வருஷமா அப்படித்தான் நின்னுருக்கு. இன்னைக்கு இறுக்கல. ரெண்டு கையையும் எடுத்துட்டு, வலது காலை உருவிக்கிட்டு, ஒரே எட்டா விலகி நின்னுட்டேன். புல்லட் டமார்னு போய் ரயில்வே கேட்டுக்கு முன்னால ரோட்டை அடைச்சுக்கிட்டுப் படுத்துருச்சு. சாவியை மட்டும் குனிஞ்சு திருப்பி அணைச்சேன். குனிஞ்சிருக்கணுமா? குனியலாம், குனியறதுக்கு டாக்டரம்மா ஒன்னும் சொல்லல, தூக்கத்தான் கூடாதுன்னாங்க, ஓட்டவும் கூடாதுன்னாங்க, அதை நான் கேக்கல. எட்டு வாரம். எட்டு வாரமும் ரெண்டு நாளும். எனக்கு நாப்பத்தொரு வயசு, கல்யாணமாகிப் பதினாறு வருஷம், உள்ள ஒன்னு இருக்கு, அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியில இந்த நூத்தித் தொண்ணூறு கிலோ இரும்பு கெடக்கு, அது எல்லாருக்கும் தெரியுது. கூட்ஸ் வண்டி வரணும், அது போனதும் கேட் திறந்துரும், பத்து நிமிஷம், மிஞ்சிப்போனா பன்னெண்டு.

ஒருத்தராவது வரணுமே. வேற எந்தப் பொம்பள வண்டி விழுந்திருந்தாலும் இந்நேரம் நாலு பேர் கையில இருக்கிற பையைக் கீழ போட்டுட்டு ஓடி வந்திருப்பாங்க, எம்மா அடி ஏதும் படலையேன்னு ஒருத்தன் தண்ணி பாட்டிலை நீட்டியிருப்பான். எனக்கு ஒருத்தரும் அசையல. அசையாதது மட்டுமில்ல, ரெண்டு அடி பின்னால தள்ளி இடம் விட்டு நிக்காங்க, கபடி கோட்டுக்கு வெளிய நிக்கிற மாதிரி. பின்னால டவுன் பஸ், அதுக்குப் பின்னால லாரி, பஸ் டிரைவர் கூட ஸ்டியரிங் மேல கையை மடக்கி வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கார். ஒரே ஒருத்தர் முன்னால வந்தார், ஊருக்குப் புதுசு, கழுத்துல டை, மருந்துக் கம்பெனி ஆளா இருக்கும். "மேடம், ஒரு கை பிடிக்கவா?" அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு, வாயைத் திறந்து சரிங்கன்னு சொல்லப் போறேன், அதுக்குள்ள பால்கார சுடலைமுத்து அண்ணாச்சி மொபெட்டுல இருந்தபடியே ஒரு அதட்டல். "சார், சார், அங்கனயே நில்லுங்க. அவங்க யாருன்னு நினைச்சீங்க? கேர்ள்ஸ் ஸ்கூல் பி.டி. டீச்சர். செண்பகவல்லி டீச்சர். வண்டியில கையை வச்சீங்கன்னா தொலைஞ்சீங்க." "தனியாவா தூக்குவாங்க?" "தனியாவான்னு கேக்காரு பாருங்க! பஸ் ஸ்டாண்டு முன்னால என் கண்ணால பார்த்தேன் சார். நாலு பேர் போனோம். தொடாதீங்க யாரும்னு ஒரு சத்தம், அப்படியே நின்னுட்டோம். முதுகைக் காட்டிக் குந்துனாங்க, நிமிர்ந்தாங்க, வண்டி நிக்கி." அவர் குரல்ல என்ன பெருமை, சொந்தத் தங்கச்சியைப் பத்திச் சொல்ற மாதிரி. அந்த டைக்காரர் என்னைப் பார்த்து மரியாதையா ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டுப் பின்னால போயிட்டார். போங்கய்யா. உங்க மரியாதையில தீயை வைக்க.

அவரைச் சொல்லிக் குத்தமில்லை, அண்ணாச்சி பார்த்தது உண்மைதான். அதை எப்படித் தூக்கணும்னு எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். முகத்தை வண்டிக்குக் காட்டி நின்னு தூக்கறவன் முட்டாள், அவன் இடுப்பு போயிரும். திரும்பி நிக்கணும், சீட்டுல முதுகடியை ஒட்டணும், குந்தணும், ஒரு கை ஹேண்டில்பார், ஒரு கை பின்னால இருக்கிற கம்பி, முதுகை வளைக்காம காலாலயே தள்ளிப் பின்னால பின்னால சின்னச் சின்ன அடி வைக்கணும், வண்டி தானா எழுந்திரிச்சு வரும். கையில பலமே வேண்டாம். பலம் எங்கிருந்து வரும்? அங்கதான் மாட்டுது. அடிவயித்துல இருந்து வரும். கபடிப் பிள்ளைககிட்ட தினமும் கத்தறேனே, ஏ, மூச்சை அடிவயித்துல இருந்து எடு, நெஞ்சுல இருந்து எடுக்காதேன்னு. அந்த அடிவயித்துலதான் இப்ப இது இருக்கு. போன புதன்கிழமை ஸ்கேன்ல டாக்டரம்மா சத்தத்தைக் கூட்டி வச்சாங்க, நூறு மீட்டர் ஓடி முடிச்சுட்டு வந்து நிக்கிற பிள்ளையோட நெஞ்சு மாதிரி அப்படி ஒரு அடி, அவ்வளவு வேகம், என்னத்துக்கு இப்படி ஓடுதுன்னு கேட்டேன், அது அப்படித்தாம்மா இருக்கும்னாங்க. என் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னுக்கிட்டு மூக்கை உறிஞ்சினார். மின்வாரியத்துல லைன்மேன், கோமதிநாயகம்னு பேரு, முப்பதடிக் கம்பத்துல ஒத்தைக் கயித்துல தொங்கற மனுஷன், அந்தச் சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார். மறுநாளே லேசா ரத்தம் பட்டுச்சு. பயப்படாதீங்க, ஆனா எடை தூக்காதீங்க, அந்த வண்டியை ஓட்டாதீங்க, படுத்திருங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ரெண்டு நாள் படுத்தேன். அப்புறம் எழுந்துட்டேன்.

ஏன் எழுந்தே? ஏன் இந்த வண்டியில ஏறுனே? பஸ்ல போனா என்ன? இந்தா பின்னாலயே நிக்குதே பஸ். பஸ்ல போனா கேப்பாங்க. டீச்சர் வண்டி என்னாச்சுன்னு ஆறாம் வகுப்புல இருந்து பன்னெண்டாம் வகுப்பு வரைக்கும் கேக்கும், ஸ்டாஃப் ரூம்ல கேப்பாங்க, கேட்டுட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிடுவாங்க, பொம்பளைகளுக்கு இதெல்லாம் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? மூணு மாசம் முடியாம வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு எங்க அம்மா காலத்துல இருந்து இருக்கிறது. அதை நான் நம்பறவ இல்ல. நம்பாமதான் முதல் தடவை எல்லாருக்கும் சொன்னோம், மாமியார் தெரு முழுக்கப் பால்கோவா குடுத்தாங்க, பதினோராவது வாரம் போயிருச்சு. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்தாங்க பாருங்க கூட்டம். ஒவ்வொருத்தியும் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, விடு, அடுத்தது நிக்கும்னு. நாத்தனா உலகம்மா அடுப்படியில காப்பி ஆத்திக்கிட்டே சொன்னா, "ஆம்பள மாதிரி வண்டியைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா வயித்துல என்ன தங்கும்?" எனக்குக் கேக்கணும்னுதான் சொன்னா. கேட்டுச்சு. இன்னைக்கும் கேக்குது. அதுக்குப் பிறகு கல்யாண வீடு, காதுகுத்து, எங்க போனாலும் விசேஷம் ஏதும் உண்டா, விசேஷம் ஏதும் உண்டா. ஸ்போர்ட்ஸ் டே வருது, வாங்கன்னு சொல்லிட்டுப் பந்தியில உக்காந்துருவேன்.

இழுக்குதா? அடிவயித்துல இடது பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கு. இல்ல, இழுக்கல. தாவினேனே, அந்தத் தாவல்ல ஏதாவது. ஒரு எட்டுதானே, அது தாவலா? தாவல்தான். ஆனா தாவாம இருந்திருந்தா வண்டி காலு மேல விழுந்திருக்கும், நானும் சேர்ந்து விழுந்திருப்பேன், அப்ப தாவினதுதான் சரி. அப்படின்னா விட்டதும் சரி. தொடையிடுக்குல ஈரமா இருக்கே. வேர்வைதானா இது? பங்குனி வெயில், எட்டே முக்காலுக்கே சுடுது, வேர்வையாத்தான் இருக்கும், எங்க போய்ப் பார்ப்பேன், கேட் கீப்பர் ரூமுக்குப் பின்னால ஒரு வேப்பமரம் இருக்கு, அவ்வளவுதான். ஒன்னுமில்ல. இழுக்கல. பெட்ரோல் மூடி வழியாச் சொட்டுது, ஜல்லியில கருப்பா ஒரு வட்டம், வாடை மூக்குல ஏறிக் குமட்டுது, பத்து நாளா காப்பி வாடையே குமட்டுது, இதைக் கேக்கணுமா. குமட்டட்டும், குமட்டினா உள்ள நல்லா இருக்குன்னு அர்த்தமாம், டாக்டரம்மாவே சொன்னாங்க, அதனால ஒரு வாரமா நான் குமட்டலுக்குக் காத்துக்கிட்டு எழுந்திரிக்கிறேன், காலையில குமட்டலேன்னா உசுரே நின்னுருது. அண்ணாச்சி அங்க இன்னும் என்னைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கார். டீச்சர் இப்ப மூச்சு வாங்குறாங்க சார், அவசரப்பட மாட்டாங்க, அது ஒரு முறை இருக்கு.

பஸ் ஸ்டாண்டுல நடந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி? ஒரு வாரத்துக்கு முந்தி ரெண்டாவது போயிருந்துச்சு. அந்தத் தடவை யாருக்கும் சொல்லல, மாமியாருக்கு இல்ல, எங்க அம்மாவுக்கும் இல்ல. ஒன்பதாவது வாரம். ஸ்கூல்ல, மத்தியானம், பந்து வைக்கிற ரூம்ல ஹைஜம்ப் மெத்தை மேல உக்காந்திருந்தேன், கதவைச் சாத்திக்கிட்டு வாலிபால் நெட்டை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், சத்தம் வெளிய வரக்கூடாதேன்னு. மூணரை மணிக்கு எட்டாம் வகுப்புக்கு கேம்ஸ் பீரியட். விசிலை எடுத்துக்கிட்டுப் போய் எடுத்தேன். ஏ ஓடு, ஏ திரும்பு. அன்னைக்கு ஒருத்தி கூட என்னைப் பார்த்து என்னன்னு கேக்கல, கேக்கிற மாதிரி நான் நிக்கவும் இல்ல. அதுக்கடுத்த வாரம்தான் பஸ் ஸ்டாண்டு முன்னால வண்டி விழுந்துச்சு, நீங்க நாலு பேர் ஓடி வந்தீங்க, உங்க முகத்துல ஐயோ பாவம்னு இருந்துச்சு, அதை என்னால பாக்க முடியல. அதான் கத்தினேன். தூக்கினா தங்காதுன்னாளே, தூக்கறேன் பாரு, இனிமே எனக்குத் தங்கறதுக்கு என்ன இருக்குன்னு தூக்கினேன். நீங்க பார்த்தது அதைத்தான் அண்ணாச்சி. அதைப் பலம்னு நினைச்சு அஞ்சு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. எனக்கும் அது பிடிச்சுப் போச்சு, நான் என்ன யோக்கியம், யாராவது கையை நீட்டினா முறைச்சேன், முறைச்சு முறைச்சு இன்னைக்கு ஒருத்தரும் கிட்ட வராத மாதிரி ஆக்கி வச்சிருக்கேன்.

கூட்ஸ் வந்துருச்சு. தரை அதிருது, கால் வழியா வயித்துக்கு ஏறுது. எஞ்சின் போனதும் பெட்டியை எண்ண ஆரம்பிச்சேன், எனக்கு எதையும் எண்ணாம இருக்க முடியாது, பதினெட்டு வருஷமா ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு டிரில் எடுத்த வாய். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. அதோட நிறுத்திட்டேன். ஒன்பதை எண்ண வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டேன். அவருக்குப் போன் பண்ணலாமா? இருபது கிலோமீட்டர் தள்ளி எந்தக் கம்பத்துல ஏறியிருக்காரோ, அடிச்சா அங்கிருந்தே இறங்கி ஓடி வருவார், பதட்டத்துல கயித்தைச் சரியா மாட்டாம இறங்குவார், வேண்டாம். டாக்டரம்மா தெளிவாச் சொன்னாங்க, முன்னால போன ரெண்டும் நீங்க தூக்கினதால போகல, ஓடினதால போகல, அது உங்க குத்தமே இல்லன்னு. அப்படின்னா இப்ப தூக்கினா மட்டும் என்ன? பத்து செகண்டு. ஒரே தம். தூக்கி நிறுத்திட்டு ஸ்டாண்டைப் போட்டுட்டா முடிஞ்சுது, ஒருத்தருக்கும் தெரியாது, நாளையில இருந்து, விழுந்ததுல அடிபட்டு வண்டி ஒர்க்‌ஷாப்புல கெடக்குன்னு சொல்லிட்டு பஸ்ல போகலாம், இப்ப ஒரு சாக்கும் கெடைச்சிருச்சே. ஆனா அவங்க குத்தமில்லன்னு சொன்னது போனதுக்கு. கூடாதுன்னு சொன்னது இருக்கிறதுக்கு. ரெண்டும் வேற வேற. வேறயா? வேறதான்.

யோசிச்சுக்கிட்டே இருக்கேன், உடம்பு அது பாட்டுக்குத் திரும்பி நின்னுருச்சு. சீட்டுல முதுகடி ஒட்டிருச்சு. குந்திட்டேன். இடது கை கம்பியைப் பிடிச்சிருச்சு, வலது கை ஹேண்டில்பாரைத் தேடிப் பிடிச்சிருச்சு, குதிங்கால் ஜல்லியைக் கிளறி இடம் பார்த்து ஊனிருச்சு. யாரும் சொல்லித் தரல, அதுவா செய்யுது. "பாருங்க சார், இப்பப் பாருங்க"ன்னு அண்ணாச்சி சத்தம் கூட்ஸ் சத்தத்துக்கு மேல கேக்குது. பஸ்ல சன்னல் சன்னலா தலை. மூச்சை உள்ள இழுத்தேன். அடிவயிறு இறுகுது. ஒன்னு. அந்த இறுக்கத்துக்குள்ள அது எப்படி இருக்கும், சின்னது, அவரைக்கொட்டை அளவுன்னாங்க, அதுக்கு என்ன தெரியும், இவ ஊருக்காகத் தூக்கறான்னு தெரியுமா, மூணு தடவை வந்தும் இவதான் அம்மாவான்னு நினைக்குமா. ரெண்டு. மூணு சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு அப்படியே வாய் வழியா வெளிய போயிருச்சு. நான் குந்தினபடியே இருக்கேன், என் பின்னால வண்டி கெடக்கு, எனக்கு முன்னால இத்தனை பேர் நிக்காங்க, கடைசிப் பெட்டி போயிருச்சு, சத்தமே இல்லை.

"அண்ணாச்சி, என்னால முடியாது."

சிரிச்சார். நல்ல மனுஷன், கெட்ட எண்ணமே இல்லாம வாயெல்லாம் பல்லாச் சிரிச்சார். "டீச்சர் நம்மளைச் சோதிக்காங்கடே." ரெண்டு மூணு பேர் கூடச் சேர்ந்து சிரிச்சாங்க. கேட் மணி அடிச்சுது, கட்டை மேல ஏற ஆரம்பிச்சிருச்சு, பின்னால படபடன்னு ஒவ்வொரு வண்டியா ஸ்டார்ட் ஆகுது, லாரிக்காரன் ஹாரனை அமுக்கறான், பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "டீச்சர், தூக்கிருங்க, நேரமாச்சு"ன்னு மரியாதையாச் சொல்றார். இடுப்பு சுளுக்கிருச்சுன்னு சொல்லலாம். சுளுக்கிருச்சுன்னா உடனே விட்டுருவாங்க, அது சுலபம், ஆனா சுளுக்குக்கு நாளைக்கே சரியாப் போயிருச்சான்னு கேப்பாங்க, நாளைக்கு மறுபடியும் ஒரு வண்டி, மறுபடியும் ஒரு ஜல்லி, ஒவ்வொரு நாளும் ஒரு சுளுக்கைக் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்க முடியுமா. உண்மையைச் சொல்லணும்னா எந்தச் சொல்லால சொல்ல? இவர்கிட்ட, வீட்டுக்காரர்கிட்ட, நின்னுருக்குங்கன்னு மட்டும்தான் சொன்னேன், அவருக்குப் புரிஞ்சிருச்சு. டாக்டரம்மா இங்கிலீஷ்ல சொன்னாங்க. ஒரு பொம்பள தன் வாயால சொல்லிக்கிடற அந்தச் சொல்லை நான் இந்தப் பதினாறு வருஷத்துல மூணு தடவையும் என்னைப் பத்தி ஒரு தடவை கூடச் சொன்னதில்லை, முதல் தடவை கூட மாமியார்தான் வாய்விட்டுச் சொன்னாங்க, நான் அடுத்தவளுகளைப் பத்தித்தான் சொல்லியிருக்கேன். எழுந்து நின்னேன். கையில ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில துடைச்சேன்.

"அண்ணாச்சி, நான் முழுகாம இருக்கேன்."

டிரில்ல கத்தற குரல். வேற குரல் எனக்கு வராது. கடைசி வண்டி வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணாச்சி சிரிப்பு அப்படியே முகத்துல நின்னுது, அப்புறம் மெதுவாப் போச்சு. என்னைப் பார்த்தார், கீழ கெடந்த வண்டியைப் பார்த்தார், கையை நீட்டி மொபெட்டை அணைச்சார். அவருக்குப் பக்கத்துல நின்னவன் அவன் வண்டியை அணைச்சான். அதுக்கடுத்து ஒன்னு, அதுக்கடுத்து ஒன்னு, பஸ் எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி நின்னுது. கேட் முழுசாத் திறந்து கெடக்கு, ஒருத்தரும் போகல. எதிர்ப்பக்கத்துல இருந்து வந்தவங்க என்ன ஏதுன்னு தெரியாம அங்கனயே நிக்காங்க. அண்ணாச்சி இறங்கி வந்தார், என் முகத்தைப் பாக்கல, வேட்டியை மடிச்சுக் கட்டினார். "எத்தனை மாசம் டீச்சர்?" "ரெண்டு முடியப் போகுது." "இந்த வண்டியிலயா வந்தீங்க?" அந்த ஒரு கேள்வியில இருந்த கோபம், எங்க அண்ணன் இருந்திருந்தா அப்படித்தான் கேட்டிருப்பான், எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. "தெரியாம உங்களைக் குந்த வச்சு வேடிக்கை பார்த்துட்டேனே, பாவி." தலையில ஒரு அடி அடிச்சுக்கிட்டார். "ஏடே, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்கடே." ஏழு பேர் பிடிச்சாங்க. ஏழு பேரும் தப்பாப் பிடிச்சாங்க, மூஞ்சியை வண்டிக்குக் காட்டிக்கிட்டு, முதுகை வளைச்சுக்கிட்டு, ஆளுக்கொரு பக்கமா இழுத்துக்கிட்டு. முதல்ல கியர்ல போடுங்கய்யா, இல்லன்னா உருண்டுரும்னு கத்தினேன். "நீங்க பேசாம நில்லுங்க டீச்சர்." என்னை இப்படி ஒருத்தர் அதட்டி எத்தனை வருஷமாச்சு, பேசாம நின்னேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடி, அந்தப் பக்கம் சாயப் போய், டைக்காரர் தோளைக் கொடுத்து முட்டி, ஒருவழியா நின்னுது. கண்ணாடி போயிருச்சு, கிளட்ச் லீவர் வளைஞ்சிருச்சு. வண்டியை நான் ஸ்கூல்ல கொண்டாந்து விடுதேன், நீங்க பஸ்ல ஏறுங்கன்னார் அண்ணாச்சி. பால் திரிஞ்சுருமேன்னேன். திரியட்டும்னார்.

பஸ்ல ஏறினேன். யார் யாரோ எழுந்தாங்க, சன்னலோரமா இடம் குடுத்தாங்க, ஒரு அம்மா ஒன்னுமே கேக்காம என் மடியில இருந்த பையை வாங்கித் தன் மடியில வச்சுக்கிட்டாங்க. பஸ் தண்டவாளத்து மேல ஏறும்போது டிரைவர் வண்டியை அப்படி மெதுவா ஏத்தினார், ஒரு தூக்கு கூடத் தூக்கிப் போடல. பன்னெண்டு மணிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும், விளக்கு வைக்கிறதுக்குள்ள உலகம்மா போன் அடிப்பா. மூணு மாசம் ஆகல. இதுவும் நிக்காமப் போச்சுன்னா இந்த பஸ் நிறைய ஆளும் வீட்டுக்கு வரும், வந்து கையைப் பிடிக்கும், அடுத்தது நிக்கும்னு சொல்லும். வரட்டும். கதவைத் திறந்து வைக்கிறேன், வந்து உக்காரட்டும், அழறதுன்னா எல்லாரும் சேர்ந்தே அழுவோம். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அடிவயித்துல இழுக்குதா இழுக்கலையான்னு இன்னும் தெரியல, ஸ்கூலுக்குப் போனதும் பாத்ரூமுக்குப் போய்த்தான் பாக்கணும், அதுவரைக்கும் ஒன்னும் தெரியாது. என்னவா வேணும்னாலும் இருக்கட்டும். இன்னைக்கு நான் தூக்கல.